எஸ்டேட் கோயிலில் பூசை நின்றுவிட்டது, மனம் ஆறவில்லை

மலைக்காரி:

ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு காப்பித் தோட்டத்தில் எங்கள் சிற்றாலயம் இருக்கிறது. ஓடு வேய்ந்த ஒற்றை அறை, சவேரியார் சுரூபம், வெளியே சில்வர் ஓக் மரத்தில் தொங்கும் மணி, அவ்வளவுதான். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பங்குச் சாமியார் ஜீப்பில் வந்து பூசை வைப்பார். என் தாத்தா அங்கே உபதேசியாராக, அதாவது சாமியார் இல்லாத நாளில் செபம் நடத்துபவராக இருந்தவர். இந்தத் தவக்காலம் முதல் அங்கே பூசை கிடையாதாம், எல்லாரும் பங்குக் கோயிலுக்கு வர வேண்டுமாம். கல்யாண ஓலைக்கும் உண்டியல் கணக்குக்கும் நடுவில் இதையும் ஓர் அறிவிப்பாக வாசித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

காரணம் புரியாமல் இல்லை. லயன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் திருப்பூருக்கும் ஓசூருக்கும் போய்விட்டார்கள். பழம் பறிக்க வெளியாட்கள்தான் வருகிறார்கள். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் மடங்காது, ஜீப் வாடகையோ நாங்கள் போடும் காணிக்கையைவிட அதிகம்.

அதுகூடப் பரவாயில்லை. பங்குக் கோயிலில் போய் உட்கார்ந்தாலே கோபம் வருகிறது. திரையில் ஓடும் பாட்டு வரி, காதைக் கிழிக்கும் மைக், எதைப் பார்த்தாலும் எரிச்சல். பூசையில் சாமியார் தரும் நற்கருணை அப்பத்தை வாங்க எழுந்து போகக் கால் வரவில்லை. விசுவாசம் உள்ளவள் இப்படி இருப்பாளா? ‘கடவுள் எங்கும் இருக்கிறார்’ என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள். அதை என் மாமியார் தினமும் சொல்கிறார்.

செவ்வாய்ப்பேட்டைப் பெரியவர்:

அம்மா, எஸ்ரா மூன்றாம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களைப் படியுங்கள். பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் புதுக் கோயிலுக்கு அடித்தளம் போடுகிறார்கள். பழைய கோயிலைக் கண்ணால் கண்ட கிழவர்கள் உரக்க அழுகிறார்கள், மற்றவர்கள் மகிழ்ந்து ஆர்ப்பரிக்கிறார்கள். எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியவில்லையாம். அந்தக் கிழவர்களை யாரும் அதட்டியதாக அங்கே எழுதியில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்து, பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தபோது நான் பீடச் சிறுவன். சாமியார் எங்களைப் பார்த்து நின்று பூசை வைக்கத் தொடங்கினார். என் பாட்டிக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. ‘பூசையில் சாமியார் முகத்தை நான் எதற்குப் பார்க்க வேண்டும்?’ என்று முணுமுணுத்தபடி கண்ணை மூடிக்கொண்டு செபமாலை உருட்டுவார். சாகும்வரை அப்படித்தான். ஒரு ஞாயிறும் தவறியதில்லை. எனக்கு வேறு துக்கம்: அடி வாங்கி மனப்பாடம் செய்த லத்தீன் பதில்கள் எல்லாம் வீண்!

அஸ்தம்பட்டி சி.எஸ்.ஐ.:

நான் வேறு சபை, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டார் லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டன்ட் அமைப்பின் வழி வந்தவர்கள். அங்கே பிஷப் என்ற பதவியே கிடையாது. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்டு, ஐக்கிய சபை எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆனதும் எங்களுக்கும் பிஷப் வந்தார். தாத்தாவுக்கு ஆகவில்லை. பிஷப் வரும் ஞாயிறுகளில் கடைசிப் பெஞ்சு, மற்ற ஞாயிறுகளில் முதல் பெஞ்சு. சபையை விட்டு மட்டும் போகவில்லை.

ஒன்று கேட்கிறேன். உங்கள் மனக்குறையைச் சாமியாரிடம் நேரில் சொன்னீர்களா? காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5:24இல் ஆண்டவர் சொல்கிறார். உங்களுக்குக் கால் வராததற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. விசுவாசக் குறைவு என்று நான் நினைக்கவில்லை.

கிளைப்பங்கு உபதேசியார்:

சாமியார் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஒரு குரு நாளுக்கு ஒரு பூசைதான் வைக்கலாம். தேவைக்காக ஆயர் அனுமதித்தாலும் ஞாயிறன்று மூன்றுதான். திருச்சபைச் சட்டம் 905 அப்படிச் சொல்கிறது. கிளைப்பங்குகள் ஏழெட்டு இருந்தால் அவர் என்ன செய்வார்?

ஆனால் பூசை நின்றதால் கோயில் மூடப்பட்டதாக ஆகாது. குரு இல்லாத இடத்தில் மக்கள் கூடி, ஆயர் வகுத்த முறைப்படி இறைவார்த்தை வழிபாடு நடத்துவதைச் சட்டம் 1248 பரிந்துரைக்கிறது. கருத்தை மேய்ப்பரிடம் எடுத்துச் சொல்லும் உரிமை 212இல் இருக்கிறது. கையெழுத்து வேட்டை வேண்டாம், இரண்டு மூன்று பேர் நேரில் போங்கள். ‘பூசை வேண்டும்’ என்று தொடங்காமல், ‘வாசக வழிபாட்டுக்கு அனுமதி கொடுங்கள், பங்குத் திருவிழாவுக்கு முன்போ பின்போ ஒரு வாரநாளில் வந்து பூசை வையுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு வீட்டிலேயே நற்கருணை கொண்டுவரச் சொல்லுங்கள். நோயாளிகள் பட்டியலில் பெயர் கொடுத்தால் போதும். முடியாதவர்களுக்கு ஞாயிறு பூசைக்குப் போக வேண்டும் என்ற கடமை இல்லை, அவர் குற்ற உணர்வோடு இருக்க வேண்டாம்.

மலைக்காரி:

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பாட்டி செபமாலை உருட்டிய கதை வந்ததும் சிரித்துவிட்டார். கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, ஆனால் நற்கருணை வாங்கும் முன் சாமியாரிடம் பேசிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மேஸ்திரியும் கூட வருகிறார். உபதேசியார் ஐயா, வழிபாட்டை நடத்தச் சாமியாரிடமிருந்து எழுத்தில் அனுமதி வேண்டுமா, வாய்மொழி போதுமா? எங்களிடம் இருக்கும் வாசக நூல் தாத்தா காலத்தது, பக்கங்களைச் செல் அரித்திருக்கிறது. சேலத்தில் புதியது எங்கே கிடைக்கும்?