யூனிகோடு: 128 இடம் யாரைக் கேட்டு?

வண்ணை அச்சகம்: "திறந்த தரங்களைச் செதுக்குவது பயனர்கள்தான், தமிழ் யூனிகோடே சாட்சி" என்று நேற்று ஒருவர் அளந்திருந்தார். எந்தப் பயனர்? தமிழுக்கு 247 எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடு 1991-இல் கொடுத்தது 128 இடம். அதுவும் இந்திய மொழிகளுக்கான பழைய இஸ்கி குறியீட்டின் வரிசையைத் தூக்கி அப்படியே வைத்தது. எம்.சி. ரோடு பக்கம் டிடிபி போட்ட எவனையாவது கேட்டார்களா?

பெரம்பூர் லோகோ: 'ஒருவர்' இல்லை, நான்தான். அந்த 128-இலேயே 72தான் நிரம்பியிருக்கிறது, அண்ணே. தமிழுக்கென்று வந்த டிஸ்கி குறியீட்டை யார் செய்தது? அரசா, கம்பெனியா? 90-களில் மின்னஞ்சல் மடலாடல் குழுவில் மல்லுக்கட்டிய சாதாரணத் தமிழர்கள்.

வண்ணை அச்சகம்: டிஸ்கி கிடக்கட்டும். 128 யாரைக் கேட்டு?

காசிமேட்டான்: 1999 சென்னை மாநாட்டில் டிஸ்கியை ஓரங்கட்டிவிட்டு டாம், டாப் என்று வேறு குறியீடுகளை அறிவித்தார்களே, லோகோ. மல்லுக்கட்டியவர்களுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

பெரம்பூர் லோகோ: யூனிகோடுக்குத் தனி ஆளும் முன்மொழிவு அனுப்பலாம். 2019-இல் முந்திரி, காணி என்ற பழைய பின்னக் குறிகள் உட்பட 51 குறிகள் அப்படித்தான் உள்ளே போயின.

வண்ணை அச்சகம்: முந்திரி வந்துவிட்டதாம், பாயசம் வைப்போம்! அனுப்பலாம் சரி, ஓட்டு யாருக்கு? சந்தா கட்டுகிறவனுக்கு. 'கி' ஒரே எழுத்து, அங்கே இரண்டு குறியீடு. 2010-இல் நம் அரசே டேஸ்16 என்ற குறியீட்டைக் கொண்டுவந்ததே, எழுத்துக்கு ஒரு இடம் என்று!

பெரம்பூர் லோகோ: அதே அரசாணையில் யூனிகோடுதான் முதலில். அது ஓடாத இடத்துக்குத்தான் டேஸ். இப்போது எதில் தட்டுகிறீர்களாம்?

வண்ணை அச்சகம்: வேறு வழி விட்டால்தானே? 128!

கொருக்குப்பேட்டை ஹையர்: பயனர் என்றால் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிய நாங்கள். தமிழ்99 விசைப்பலகை எங்களைக் கேட்டா வந்தது?

காசிமேட்டான்: டைப்ரைட்டர் காயலான் கடைக்குப் போய் எவ்வளவு காலமாச்சு, சார்.

கொருக்குப்பேட்டை ஹையர்: அப்படியா? போன மாதம் பழைய ஃபைலை யூனிகோடாக மாற்றித் தரச் சொல்லி என்னிடம்தானே வந்தீர்? காசு இன்னும் வரவில்லை.

காசிமேட்டான்: கொம்பெல்லாம் இடம் மாறிக் கிடந்தது. அதற்குக் காசு வேறா?

வண்ணை அச்சகம்: பழைய எழுத்துருவில் கொம்பு எழுத்துக்கு முன்னால் பதிவாகும், யூனிகோடில் பின்னால். மாற்றியது யார்? பயனரா? லோகோ, 128-க்குப் பதில் வரவில்லை.

பெரம்பூர் லோகோ: மேலே இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

கொருக்குப்பேட்டை ஹையர்: காசிமேடு, ஜிபே நம்பர் தெரியும் இல்லையா?