டெரியாக்கி சால்மன்: வெளியே கருகுகிறது, உள்ளே வேகவில்லை

மாலைநேரம்:
எல்லோருக்கும் வணக்கம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ராத்திரி சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம்தான் கிடைக்கிறது, அதனால் வாரத்தில் ஒரு நாளாவது டெரியாக்கி சால்மன் (இனிப்பான சோயா சாஸ் பூசி மினுமினுக்கச் செய்கிற ஜப்பானிய மீன்) செய்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். மூன்று தடவை செய்தாயிற்று, மூன்றும் ஒரே மாதிரி கெட்டுப்போனது. முதல் நாள் இரவே சோயா சாஸ், மிரின் (சமையலுக்கான இனிப்பான ஜப்பானிய அரிசி மது), சர்க்கரை கலந்து மீனை ஊறவைத்து ஃபிரிட்ஜில் வைக்கிறேன். மறுநாள் எடுத்துச் சூடான நான்ஸ்டிக் தவாவில் போட்டால் இரண்டே நிமிடத்தில் வெளியே கன்னங்கரேல் என்று ஆகிவிடுகிறது, கசக்கிறது, விண்டு பார்த்தால் நடுவில் பச்சை. போதாக்குறைக்கு ஓரத்தில் முட்டை வெள்ளைக்கரு போல என்னமோ பிதுங்கி வருகிறது. அந்த மினுமினுப்பு ஒரு தடவைகூட வரவில்லை. துண்டு ஒவ்வொன்றும் 150 கிராம் இருக்கும், தோலோடு. எங்கே தப்பு செய்கிறேன்?

உப்புக்கல்:
ஊறவைப்பதை விட்டுவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். சர்க்கரையும் மிரினும் மீனின் மேல் ஒட்டியிருக்கும்போது சூட்டில் போட்டால் மீன் வேகும் முன்னாலேயே சர்க்கரை கருகத்தான் செய்யும். ஜப்பானிய மொழியில் ‘தெரி’ என்றால் மினுமினுப்பு, ‘யாக்கி’ என்றால் சுட்டது. அந்த மினுமினுப்பு கடைசி இரண்டு நிமிடத்தில் வர வேண்டியது.

நான் செய்வது இப்படி. இரண்டு துண்டுக்கு சோயா சாஸ், மிரின், சாகே (ஜப்பானிய அரிசி மது) மூன்றும் தலா 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, கிண்ணத்தில் கலந்து பக்கத்தில் வைத்துக்கொள்வேன். மீனை ஈரம் போக நன்றாக ஒற்றியெடுத்து, கொஞ்சம் எண்ணெயில் தோல் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, மிதமான தீயில் ஐந்து நிமிடம் தொடாமல் விடுவேன். முதல் அரை நிமிடம் மட்டும் கரண்டியால் அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் சுருண்டுகொள்ளும். பக்கவாட்டில் பார்த்தால் கீழிருந்து நிறம் வெளுத்துக்கொண்டே மேலே ஏறுவது தெரியும். முக்கால்வாசி ஏறியதும் திருப்பிப் போட்டு ஒரு நிமிடம். அப்புறம் தவாவில் மிதக்கிற எண்ணெயை டிஷ்யூவால் துடைத்தெடுக்க வேண்டும், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், எண்ணெய் இருந்தால் சாஸ் மீனில் ஒட்டவே ஒட்டாது.

இப்போது சாஸை ஊற்றுங்கள். முதலில் பொடிப்பொடியாக நுரைக்கும், சலசலவென்று தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்கும். ஒன்றரை நிமிடத்தில் குமிழிகள் பெரிதாகி நிதானமாக உடைய ஆரம்பிக்கும், சத்தமும் கனத்துவிடும். தவாவைச் சாய்த்து, கரண்டியால் மொண்டு மொண்டு மீன் மேல் ஊற்றிக்கொண்டே இருங்கள். கம்பிப் பதம் வரை போகாதீர்கள், கரண்டியின் முதுகில் லேசாகப் படிந்தால் போதும், ஆறும்போது தானாகவே இறுகும்.

அலைகள்:
அந்த வெள்ளை அல்புமின் என்கிற புரதம், கெடுதல் ஒன்றும் இல்லை. சூட்டில் சதை சுருங்கும்போது வெளியே தள்ளப்பட்டு உறைகிறது. தீ அதிகமானால் அதிகமாக வரும். ஒரு கப் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி உப்பு கரைத்து அதில் மீனைப் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் ரொம்பக் குறையும். பிறகு நன்றாகத் துடையுங்கள், சாஸிலும் உப்பைக் கூட்டாதீர்கள், சோயாவே போதும்.

இன்னொன்று, விரலால் சதையைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவிப் பாருங்கள், நடுவில் வரிசையாக முள் நெருடும். புருவம் பிடுங்குகிற இடுக்கியால் சாய்ந்திருக்கிற திசையிலேயே இழுத்தால் சதை கிழியாமல் வந்துவிடும்.

கறிவேப்பிலை:
எங்கள் வீட்டில் மது சேர்க்க மாட்டோம், மிரினும் சாகேயும் இரண்டுமே மதுதான் என்பதால் இதைத் தொடவே வேண்டாம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மினுமினுப்பைத் தருவது சர்க்கரைதான். சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 3, சர்க்கரை ஒன்றரை, அதோடு ஒரு தேக்கரண்டி இஞ்சிச் சாறு, நன்றாகவே வருகிறது. மீன் வாடையை இஞ்சி பார்த்துக்கொள்ளும். தேன் சேர்ப்பவர்கள் தீயைக் குறைத்துக்கொள்ளுங்கள், அது சர்க்கரையைவிடச் சீக்கிரம் சிவந்துவிடும். டார்க் சோயா சாஸ் வேண்டாம், நிறம் பார்த்து வெந்துவிட்டது என்று ஏமாந்துவிடுவோம்.

உப்புக்கல் சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன், சாஸ் ஊற்றுகிற முறைக்கு மீனில் மெல்லிசாக உருளைக்கிழங்கு மாவு தூவிக்கொள்வது நல்லது. மாவு இருந்தால் சாஸ் வழியாமல் நிற்கும்.

உப்புக்கல்:
மாவு தூவினால் தோலின் மொறுமொறுப்பு போய்விடுகிறது என்பது என் அனுபவம். தோல் பிடிக்காதவர்களுக்கு மாவு சரி. எனக்குத் தோல்தான் முக்கியம், அதனால் சாஸ் ஊற்றும்போதுகூடத் தோல் பக்கத்தை மேலே வைத்து, சதைப் பக்கத்தை மட்டும் சாஸில் நிற்க விடுவேன்.

மாலைநேரம்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி செய்தேன். உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம், துடைத்து, மாவில்லாமல், தோல் கீழே. எண்ணெயைத் துடைத்தெடுக்கும்போது தவாவில் ஒன்றுமே மிச்சமில்லையே, இதில் எப்படி என்று பயமாக இருந்தது, ஆனால் சாஸ் ஊற்றி அந்தக் குமிழிகள் பெரிதானதும் நீங்கள் சொன்ன சத்தம் அப்படியே கேட்டது. இரண்டாவது கரண்டி ஊற்றும்போதே மேலே அரக்கு பூசியது மாதிரி மின்னியது. விண்டால் இதழ் இதழாக வந்தது, வெள்ளை ஓரத்தில் ஒரு கோடு அளவுக்குத்தான். மீனைத் தவாவில் போட்டதிலிருந்து தட்டில் எடுக்கும்வரை ஒன்பது நிமிடம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறாள், அவளுக்குக் கொடுக்க நடுவில் எவ்வளவு சூடு வந்தால் போதும்?

அலைகள்:
குழந்தைக்கு என்றால் நடுப்பகுதியில் 63 டிகிரி செல்சியஸ் வரட்டும், தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் உள்ளே கண்ணாடி போல இல்லாமல் முழுக்க வெளுத்து, முள்கரண்டி பட்டதும் பிரிய வேண்டும். அவள் துண்டில் சாஸைக் குறைவாக ஊற்றுங்கள், உப்பு அதிகம். முள்ளை இன்னொரு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.