அர்ஸ்லானின் கூட்டாளிகள்: அனிமேக்குப் பிறகு எங்கிருந்து படிக்கலாம்?

நண்பர்களே, இளவரசன் அர்ஸ்லானைப் பத்தின ஜப்பானிய அனிமே (கார்ட்டூன் தொடர்) 'அர்ஸ்லான் சென்கி'யோட 2015 சீசனையும், அடுத்த வருஷம் வந்த எட்டு எபிசோடுகளையும் பார்த்து முடிச்சாச்சு. ஐம்பதாயிரம் படை திரட்டாம திரும்பி வராதேன்னு ராஜா ஆந்த்ரகோரஸ் தன் மகன் அர்ஸ்லானைத் துரத்தினதுக்கு அப்புறம்தான் எனக்குக் கதையே சூடு பிடிச்சுது. கூட வர்றவங்களும் கட்டளைக்காக வரலையே! மாவீரன் தார்யூன் விசுவாசத்துக்கு, ஜஸ்வந்த் நன்றிக்கடனுக்கு. பாட்டுக்காரன் கீவ், பெண் பூசாரி ஃபாரங்கிஸுக்காகன்னு நினைச்சேன், போகப்போக அதுவும் சந்தேகமா இருக்கு. போர் வியூகம் வகுக்கிற நார்ஸஸை மட்டும் அரசவை ஓவியர் பதவி காட்டி இழுத்திருக்காங்க. (அவர் படம் வரையிற லட்சணம் தெரிஞ்ச தார்யூன் முகத்தைப் பாக்கணுமே!)

இப்போ உதவி வேணும். இந்தக் கதையோட மூலமான யோஷிகி தனாகாவின் நாவல் 1986ல ஆரம்பிச்சு 2017ல முடிஞ்சிருக்கு. ஹிரோமு அரகாவாவின் மங்காவும் (ஜப்பானிய காமிக்ஸ்) இருக்கு. அனிமே நின்ன இடத்துல இருந்து தொடர மங்காவுல எந்த அத்தியாயம்? நார்ஸஸின் உதவியாளன் எலாம், ஃபாரங்கிஸ் ரெண்டு பேரோட முன்கதை எதுல விரிவா வருது? 1991 படத்துல இந்தக் கூட்டணியை எப்படிக் காட்டியிருக்காங்க, பார்க்கலாமா?

யார் சாகிறாங்கன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க.