ஆங்கில அணிகளைத் தமிழ் அணிகளோடு பொருத்திப் படிப்பிக்கலாமா?

உவர்மலை_ரீச்சர்:

திருகோணமலையில் தரம் 10 தமிழ்மொழி மூலப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் படிப்பிக்க ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன். சிமிலி – உவமை, மெற்றஃபர் – உருவகம், அலிற்றரேஷன் – மோனை, ரைம் – எதுகை, பேர்சனிஃபிகேஷன் – தற்குறிப்பேற்றம், மெற்றோனிமி – ஆகுபெயர். பெயர்களை உடனே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் கவிதையில் கண்டுபிடிக்கச் சொன்னால் பிழை விடுகிறார்கள். கண்டுபிடித்தாலும், அதன் விளைவு என்ன என்று கேட்டால் "காட்சி கண்முன் வருகிறது" என்ற ஒரே வரிதான் எல்லோரிடமிருந்தும் வருகிறது. பிழை அட்டவணையிலா, முறையிலா?

பாலையூற்று:

இரண்டிலும்தான், ரீச்சர். முதலில் ஒலி அணிகள்.

ரைமுக்கு எதுகையை வைத்தது பிழை. எதுகை இரண்டாம் எழுத்தைப் பார்ப்பது. ரைம் அடியின் கடைசியில், அழுத்தம் விழும் கடைசி உயிரொலியிலிருந்து முடிவுவரை ஒன்றுபடுவது. அதற்குக் கிட்டியது இயைபுத் தொடை. அதோடு ரைம் காதுக்குரியது. லவ், மூவ் இரண்டும் எழுத்தில் ஒரேமாதிரி முடிந்தாலும் ஒலியில் சேராது. ப்ளூ, த்ரூ, ஷூ மூன்றும் எழுத்தில் வேறுபட்டாலும் சேரும்.

மோனையும் முழுதாகப் பொருந்தாது. மோனையில் உயிருக்கும் கணக்கு உண்டு: 'கடல்', 'காற்று' சேரும், 'கடல்', 'கிளி' சேராது. அலிற்றரேஷனில் மெய்யொலி ஒன்றானால் போதும். கோல்ட் (குளிர்), கீ (சாவி), கப் (கோப்பை) மூன்றும் சேரும். பிள்ளைகள் எழுத்தைப் பார்த்துக் கோடு போடுவதால்தான் பிழைக்கிறார்கள். கற் (பூனை), சிற்றி (நகரம்) இரண்டும் 'சி' என்ற ஒரே ஆங்கில எழுத்தில் தொடங்கினாலும் அலிற்றரேஷன் இல்லை. 'கே' எழுத்தில் தொடங்கும் நைஃப், 'என்' எழுத்தில் தொடங்கும் நைற்றோடு சேரும். அழுத்தம் விழும் அசையைத்தான் காது பிடிக்கும். பிலோங் என்ற சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசையில். ஆகவே அது லோன்லியோடு சேர்ந்து ஒலிக்கும், பெல்லோடு அல்ல. கோடு போடமுதல் வரியைச் சத்தமாக இரண்டு தரம் வாசிக்க விடுங்கோ. பாதிப் பிழை அங்கேயே போய்விடும்.

கோட்டை_வீதி:

ஆகுபெயரை மெற்றோனிமியோடு மட்டும் நிறுத்தாதீங்கோ. நன்னூல் பிரித்துத் தரும் வகைகளைப் பார்த்தால், ஆங்கிலக்காரர் மூன்று பெயர் வைத்தவை அந்த ஒரு பெயருக்குள்ளேயே கிடக்கின்றன.

சினையாகுபெயர் சினெக்டகி. 'தலைக்கு நூறு ரூபா' என்பதும், கப்பலில் 'ஓல் ஹான்ட்ஸ்' என்று மாலுமிகளை அழைப்பதும் ஒரே வேலை: உறுப்பு முழு ஆளுக்கு நிற்கிறது. முழுப்பொருளின் பெயர் உறுப்புக்கு வரும் பொருளாகுபெயரும் சினெக்டகிதான். 'திருகோணமலை வென்றது' என்று அணியைச் சொல்வது இடவாகுபெயர், அது மெற்றோனிமி. கருவியின் பெயர் அதனால் ஆனதற்கு வரும் கருவியாகுபெயரும், செய்தவரின் பெயர் அவர் செய்ததற்கு வரும் கருத்தாவாகுபெயரும் அதே பக்கம். உவமையாகுபெயர் மட்டும் ஒப்புமையில் பிறப்பதால் மெற்றஃபர் பக்கம் போகும். இதைத் தமிழ்ப் பாடத்தில் படித்த பிள்ளைக்கு சினெக்டகியை ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம். தமிழ் கைகொடுக்கும் மிக நல்ல இடம் இதுதான்.

தற்குறிப்பேற்றத்தை வெட்டிவிடுங்கோ. அதற்கு இரண்டு பகுதி வேண்டும்: இயல்பாக நடக்கும் ஒரு நிகழ்ச்சி, அதன்மேல் புலவர் ஏற்றும் காரணம். மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைந்ததை, கோவலனை வரவேண்டாம் என்று தடுப்பதாகச் சிலப்பதிகாரம் சொல்வது அப்படித்தான். பேர்சனிஃபிகேஷனுக்குக் காரணம் தேவையில்லை. அஃறிணைக்கு மனிதச் செயலோ குணமோ கொடுத்தால் போதும்.

உவர்மலை_ரீச்சர்:

மிக்க நன்றி. அட்டவணையைத் திருத்துகிறேன். விளைவு எழுதுவதை எப்படிப் பழக்குவது? அடுத்தடுத்த வசனங்களை ஒரே சொற்களால் தொடங்கும் அனஃபோராவுக்கு 'அழுத்தம் தருகிறது' என்பதைத் தாண்டி எவரும் எழுதுகிறார்கள் இல்லை.

நிலாவெளி_வாசகர்:

மாற்றிப் பார்க்கப் பழக்குங்கோ. அணியை எடுத்துவிட்டு, அதே கருத்துடைய வெறும் சொல்லைப் போட்டு, எது போய்விட்டது என்று கேட்பது. போனதுதான் விளைவு.

நம் துறைமுகத்தையே வைத்து ஒரு வரி: 'த ஹாபர் ஹெல்ட் இற்ஸ் ப்ரெத்.' முழு வரியையும் மேற்கோள் காட்டாமல், அணி நிற்கும் 'ஹெல்ட் இற்ஸ் ப்ரெத்' என்பதை மட்டும் எடுக்கவேணும். பிறகு, மனிதர் எப்போது மூச்சைப் பிடிப்பார்? சுழியோடும்போது, பயத்தில், ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருக்கும்போது. முன் வரியில் கருமேகம் வந்திருந்தால் மூன்றாவது பொருந்தும். சுற்றியுள்ள வரிகள் தாங்காத பொருளை எழுதக்கூடாது. புள்ளி போவது பெரும்பாலும் இங்கேதான். இப்போது 'த ஹாபர் வாஸ் காம்' என்று மாற்றுங்கோ. அசைவின்மை அப்படியே இருக்கிறது. காத்திருப்பும் பதற்றமும் போய்விட்டன. பிள்ளை எழுதவேண்டியது: "நீர் அசையவில்லை என்பது அமைதி அல்ல, புயலுக்கு முந்திய பதற்றம் என்று இந்தப் பேர்சனிஃபிகேஷன் காட்டுகிறது." அவ்வளவு போதும். "காட்சி கண்முன் வருகிறது" எந்த அணிக்கும் எழுதக்கூடிய வசனம், அதனால் எதையும் சொல்லவில்லை.

அனஃபோராவுக்கும் இதையே செய்யலாம். 1940 ஜூன் 4இல் சேர்ச்சில் நாடாளுமன்றத்தில் 'வீ ஷெல் ஃபைற்' என்று வசனங்களைத் திரும்பத் திரும்பத் தொடங்கினார். தொடக்கம் காதுக்குப் பழகியதால் கவனம் மாறும் பகுதிக்கு, அதாவது சண்டை நடக்கப்போகும் இடங்களுக்குப் போகிறது. ஒரே வசனத்தில் இடங்களை மட்டும் அடுக்கிப் பாருங்கோ: அது வெறும் பட்டியல், உறுதி இல்லை. 1863இல் லிங்கன் கெற்றிஸ்பர்க்கில் 'த பீப்பிள்' என்று மூன்று தொடர்களை முடித்தது எபிஸ்ட்ரஃபி. அங்கே மாறுவது முன்னுள்ள ஒவ், பை, ஃபோர் என்ற சிறு சொற்கள். எடை கடைசிச் சொல்லில் விழுகிறது. திரும்ப வருவது எந்த இடத்தில் என்பதைப் பொறுத்துப் பெயரும் விளைவும் மாறும். ஓர் அடியின் கடைசிச் சொல் அடுத்ததன் முதலில் வந்தால் அனடிப்ளோசிஸ். அதற்கு அந்தாதி என்றால் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

பயிற்சித்தாளில் அணியே இல்லாத வரிகளையும் கலந்து கொடுங்கோ. 'ஷீ ஸ்விம்ஸ் லைக் ஹெர் சிஸ்ரர்' என்பதில் 'லைக்' இருந்தாலும் சிமிலி இல்லை, ஒரே இனத்து இரண்டு பேரை நேராக ஒப்பிடுகிறது. 'லைக் எ டொல்ஃபின்' என்றால் சிமிலி. பத்து வரிக்கு மூன்று இப்படி இருந்தால், 'லைக்' கண்ட இடமெல்லாம் கோடு போடும் பழக்கம் நிற்கும்.