பொருள்: கிளட்ச் ‘எங்கேஜ்’ ஆகவில்லை – தமிழில் என்ன வினை?

கிண்டியிலிருந்து

வணக்கம். ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான கார் ஏ.சி. பழுதறியும் கையேடு ஒரு வினைச்சொல்லில் வந்து நிற்கிறது. ஏ.சி. பொத்தானை அழுத்தினால் ப்ளோயர் ஓடுகிறது, விளக்கும் எரிகிறது, ஆனால் கம்ப்ரஸர் கிளட்ச் எங்கேஜ் ஆவதில்லை. அகராதியைப் புரட்டிய ஒருவர் “உரசிணைப்பி ஈடுபடவில்லை” என்று எழுதித் தந்திருக்கிறார். கிளட்ச் என்ன பொதுத்தொண்டிலா ஈடுபடுகிறது? பெயர்ச்சொல்லுக்கு இப்போதைக்கு ‘கிளட்ச்’ போதும். வினைதான் வேண்டும்.

புதுப்பேட்டையிலிருந்து

பட்டறையில் “கிளட்ச் பிடிக்கல” என்பார்கள், அவ்வளவுதான். அதையே வைத்துவிடலாம் என்றால் ஒரு சிக்கல்: மூன்று வேறு பழுதுகளுக்கும் அதே சொல்தான் ஓடுகிறது.

பெல்ட் ஓடும்வரை புல்லி சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் முன்னால் உள்ள தட்டு அசையாமல் நிற்கும். காயிலுக்கு (மின்காந்தச் சுருளுக்கு) 12 வோல்ட் வந்ததும் காந்தம் தட்டை இழுத்துப் புல்லியின் முகத்தோடு ஒட்டவைக்கும். ‘டக்’கென்று சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் கம்ப்ரஸர் தண்டு சுழலும். இதில் கரண்டே வராமல் இருக்கலாம். கரண்ட் வந்தும் தட்டு வராமல் இருக்கலாம். தட்டு வந்து ஒட்டியும் வழுக்கலாம். முதலாவதுக்கு ஒயரிங்கைப் பார்க்க வேண்டும், மற்ற இரண்டுக்கும் கிளட்ச்சைக் கழற்ற வேண்டும். ஒரே சொல்லில் எழுதினால் பையன் நல்ல கிளட்ச்சைக் கழற்றிப் போட்டுவிடுவான்.

இரண்டாவதைப் பற்றிக் கையேட்டில் விரிவாகவே எழுதுங்கள். தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே பெரும்பாலான வண்டிகளில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும் (சரியான அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில்). தேயத் தேய இது அகலும். காலையில் வேலை செய்யும் ஏ.சி., மதியம் ஓ.எம்.ஆர். சிக்னலில் நின்றால் போய்விடுகிறது என்று வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். காயில் 80 டிகிரி கூடுதலாகச் சூடானால் செம்பின் மின்தடை சுமார் 30 சதவீதம் ஏறும், கரண்ட் குறையும், அகன்ற இடைவெளியைத் தாண்டித் தட்டை இழுக்கக் காந்தத்துக்குத் தெம்பு இருக்காது.

சோதனை: இன்ஜினை நிறுத்திவிட்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட ஒயரில் காயிலுக்கு நேரடியாகக் கரண்ட் கொடுங்கள். தட்டு வரவில்லை என்றால் ஸ்குரூடிரைவரால் லேசாக உள்ளே தள்ளுங்கள். அப்போது ஒட்டிக்கொண்டால் காயில் நல்லது, இடைவெளிதான் அதிகம். தட்டைக் கழற்றி, தண்டில் இருக்கும் மெல்லிய வாஷரில் ஒன்றை எடுத்துவிட்டு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து மூன்று இடங்களில் அளந்து மாட்டலாம். தள்ளியும் ஒட்டவில்லை என்றால் காயிலின் தடையை அளக்கவும். வழக்கமாக 3 முதல் 5 ஓம் வரும். முடிவிலி காட்டினால் காயில் அறுந்துவிட்டது.

அடையாற்றிலிருந்து

‘பற்று’ என்று எழுதலாம் என நினைத்தேன். ஆனால் “கிளட்ச் பற்றிக்கொண்டது” என்றால் ஃபயர் சர்வீஸுக்குப் போன் போட்டுவிடுவார்கள். ‘இணை’ என்றால் ஒயரைச் செருகுவதும் அதே வினை. ‘கவ்வு’ சரியாக இருக்கிறது: பாய்ந்து, இறுக்கி, விடாமல் பிடிப்பது. மூன்று பழுதையும் பிரித்துவிடலாம்: கரண்ட் வராமை, கவ்வாமை, கவ்வி வழுக்கல். ஒட்டுமொத்தப் புகாருக்குப் பட்டறையின் ‘பிடிக்கல’ அப்படியே இருக்கட்டும்.

அம்பத்தூரிலிருந்து

‘கவ்வு’ நல்ல சொல். எனக்கு எதிர்ச்சொல்லில்தான் வழக்கு. முதல் வரைவில் பிரஷர் ஸ்விட்ச் கரண்டை நிறுத்துவதை ‘தடை’ என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வரியிலேயே ஓம் கணக்கில் ‘தடை’ வருகிறது. மாணவன் பிரஷர் ஸ்விட்ச்சில் ஓம் அளக்கப் போவான். இரண்டு சொல் வேண்டும். ஆவியாக்கி 3, 4 டிகிரிக்குக் குளிர்ந்ததும் பனி கட்டாமல் இருக்க கிளட்ச்சை நிறுத்துவதும், முழு ஆக்ஸிலரேட்டரில் ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) நிறுத்துவதும் இயல்பான வேலை. அது ‘விடுதல்’. கேஸ் குறைந்தோ அழுத்தம் எகிறியோ நின்றால் அது ‘வெட்டு’.

வெட்டுக்கு எண்களும் போடுங்கள். ஆர் 134ஏ என்ற குளிர்பதன கேஸ் போட்ட வண்டிகளில் சுமார் 2 பாருக்குக் கீழே ஒரு வெட்டு, 30 பாரை ஒட்டி இன்னொன்று. இன்ஜின் ஓடாமல் ஆறிக் கிடக்கும் வண்டியில், 35 டிகிரி வெயிலில் கீழ், மேல் அழுத்தப் பக்கத்து இரண்டு கேஜும் 115 பி.எஸ்.ஐ. (சுமார் 8 பார்) அருகே காட்ட வேண்டும். 20, 25 காட்டினால் கேஸ் கசிந்துவிட்டது, கிளட்ச் மேல் பழி போடாதீர்கள். அதே சமயம் 115 காட்டுவதால் கேஸ் முழுதாக இருக்கிறது என்றும் ஆகாது. சொட்டுத் திரவம் உள்ளே இருக்கும்வரை கேஜ் அதையேதான் காட்டும்.

30 பாரை ஒட்டிய மேல் வெட்டு பெரும்பாலும் கண்டென்சர் ஃபேன் (சூடான கேஸை ஆற்றும் விசிறி) நின்றதால் வரும். வண்டி ஓடும்போது ஏ.சி. இருக்கும், நெரிசலில் போய்விடும். புதுப்பேட்டைக்காரர் சொன்ன மதியப் பழுதும் பார்வைக்கு இதே மாதிரிதான். பிரித்தறிய, நின்றுபோன அந்த நேரத்திலேயே காயில் முனையில் மீட்டர் வைக்க வேண்டும். 12 வோல்ட் இருந்தால் கவ்வாமை, இல்லாவிட்டால் கரண்ட் வராமை, பெரும்பாலும் வெட்டு. ரிலே மீது சந்தேகம் என்றால் அதே ரகமான ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்த்துவிடலாம்.

பிரஷர் ஸ்விட்ச்சை ஒயரால் இணைத்துவிட்டு ஓட்டும் பழக்கத்தைக் கையேடு கண்டிக்க வேண்டும். ஆயில் கேஸோடுதான் சுற்றுகிறது. கேஸ் இல்லாமல் ஓட்டினால் கம்ப்ரஸர் இறுகிவிடும். மூன்று ஒயர் உள்ளது பெரும்பாலும் ஸ்விட்ச் இல்லை, சென்சார். அதைத் தொடவே கூடாது.

கிண்டியிலிருந்து

கவ்வு, விடு, வெட்டு மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். வெட்டுகளுக்கு ‘தாழழுத்த வெட்டு’, ‘உயரழுத்த வெட்டு’ என்று பெயர் வைக்கலாமா?

அம்பத்தூரிலிருந்து

வேண்டாம். ‘உயரழுத்தம்’ என்றால் எங்கள் பக்கம் மின்கம்பிதான். ஒயரிங் படத்தில் பார்த்தால் வோல்டேஜ் என்றே படிப்பார்கள். ‘கேஸ் அழுத்தக் கீழ்வெட்டு’, ‘கேஸ் அழுத்த மேல்வெட்டு’ என்று போடுங்கள்.

புதுப்பேட்டையிலிருந்து

ஒரு விலக்கு சேருங்கள். புது வண்டிகள் சிலவற்றில் மாறுகொள்ளளவு கம்ப்ரஸரில் (ஒரு சுற்றில் தள்ளும் கேஸின் அளவு மாறக்கூடியது) கிளட்ச்சே கிடையாது. புல்லியோடு தண்டும் எப்போதும் சுற்றும், குளிர்ச்சியை ஒரு சோலனாய்டு வால்வு கூட்டிக் குறைக்கும். ‘டக்’ சத்தம் வராது. அங்கே ‘கவ்வாமை’ என்று எவரும் பழுது எழுதக் கூடாது.