ஒன்பது நிற மான் கதை: எங்கே திருத்துவது?

சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பவர்கள் யோசனை சொல்லுங்கள். சீனாவின் துன்ஹுவாங் அருகிலுள்ள மோகாவ் பௌத்தக் குகைகளில் 257ஆம் குகையில் ஓவியமாக உள்ள ஒன்பது நிற மான் கதையை 150 சொற்களில் எளிமையாக்கியிருக்கிறோம். ஆற்றில் தத்தளிப்பவனை மான் காப்பாற்றுகிறது. அவனே அதைக் காட்டிக்கொடுக்கிறான். தெரிந்த கதைதான், புரிந்துவிடுகிறது.

திருப்பிச் சொல்வதில்தான் சிக்கல். சீனத்தில் வினை காலத்துக்கேற்ப உருமாறாது; 'சேவ்ட்' வெறும் 'சேவ்' ஆகிறது. 'ஹீ', 'ஷீ' இரண்டுக்கும் பேச்சில் ஒரே 'தா' என்பதால் கதையில் வரும் அரசி ஆணாகிறாள்! 'பிகாஸ்' வந்தால் பின்னாலேயே 'சோ'வும் வரும்.

நடுவில் திருத்தினால் வாயே திறப்பதில்லை. முடிவில் திருத்தினால் அடுத்த முறையும் அதே பிழை. "துரோகம் தெரிந்திருந்தால் மான் காப்பாற்றியிருக்குமா?" என்ற விவாதத்துக்கு முன்பே 'இஃப்... ஹேட்' அமைப்பைப் பழக்குவீர்களா, பேசவிட்டுப் பிறகா?