உகுரு பூங்காவைக் காத்தது கடிதமா, கடனா?

நிழல்விரும்பி எழுதியது:
கென்யத் தலைநகர் நைரோபியின் உகுரு பூங்காவைக் காக்கச் சூழலியலாளர் வங்காரி மாத்தாய் நடத்திய போராட்டத்தைப் பற்றி நேற்று நான் இட்ட பதிவின் கீழ், "அந்த 60 மாடிக் கட்டடத்தை நிறுத்தியவர் வங்காரி மாத்தாய் அல்லர், கடன் தர மறுத்த வெளிநாட்டார்தாம்" என்று பேரேடு ஐயா ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வரி இன்னும் உறுத்துகிறது. 1989-இல், ஆளுங்கட்சியான கானுவின் செய்தித்தாள் நிறுவனம் மக்களின் பூங்காவில் கோபுரக் கட்டடத்தையும் அதிபர் மோயின் சிலையையும் எழுப்பப் புறப்பட்டபோது, நாடே வாய்மூடிக் கிடக்க, அமைச்சகங்களுக்கும் நாளிதழ்களுக்கும் கடிதம் எழுதியவர் அந்த அம்மையார். இவருக்கோ அது வெறும் வரவு செலவாகத் தெரிகிறது.

பேரேடு எழுதியது:
உணர்ச்சியைச் சற்று ஒதுக்கி வைத்துப் படியுங்கள். திட்டச் செலவு ஏறத்தாழ 20 கோடி டாலர். அதில் பெரும்பகுதி வெளிநாட்டுக் கடனாக வரவேண்டியிருந்தது. மாத்தாய் தொடுத்த வழக்கை 1989 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நாடாளுமன்றத்தில் அவரை ஏசினார்கள். அதிபர் மோயோ, பெண்ணென்றால் ஆண்களை மதித்து அடங்கியிருக்க வேண்டும் என்றார். அப்படியிருந்தும் 1990 ஜனவரியில் திட்டத்தைச் சுருக்கினார்கள் என்றால் காரணம் ஒன்றுதான்: பணம் வரவில்லை.

நிழல்விரும்பி எழுதியது:
பணம் ஏன் வரவில்லை என்ற கேள்வியை மட்டும் லாவகமாகத் தாண்டிவிட்டீர்கள். திட்டத்தின் கூட்டாளி பிரித்தானியச் செய்தித்தாள் முதலாளி ராபர்ட் மாக்ஸ்வெல். அதனால்தான் அம்மையார் பிரித்தானிய உயர் ஆணையருக்கே எழுதி, லண்டன் ஹைட் பூங்காவில் இப்படியொன்றைக் கட்ட விடுவீர்களா என்று கேட்டார். கடன் கொடுப்பவர்களின் காதில் செய்தியைப் போட்டதே அந்தக் கடிதங்கள்தாம். இதற்காக மரம் நடும் அவருடைய பசுமை வளைய இயக்கத்தை அரசு அலுவலகத்திலிருந்து வெளியேற்றினார்கள். அவர் தம் வீட்டையே அலுவலகமாக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

மேட்டுத்தெரு எழுதியது:
நான் நைரோபியில் ஆறாண்டுகள் வேலை பார்த்தவன். ஞாயிறு பிற்பகலில் உகுருவின் குளத்தில் துடுப்புப் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகும். கரையில் புதுச்சட்டை போட்ட பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துக் கொடுப்பார்கள். நுழைவுக் கட்டணம் கொடுத்து உள்ளே போக வழியில்லாதவர்களுக்கு அதுதான் ஊர்சுற்றல். அங்கே கடன்காரர்களுக்கு நன்றி சொன்ன எவரையும் நான் கண்டதில்லை. நிற்க, அந்த அம்மையாரின் பெயரில் வல்லின ஒற்று மிகாது. மாதாய் என்று எழுதுவதே அவர்கள் உச்சரிப்புக்கு நெருக்கம்.

நிழல்விரும்பி எழுதியது:
தமிழ் நாளிதழ்களில் நான் படித்தது மாத்தாய் என்றுதான், மாற்றமாட்டேன். ஒற்றைத் திருத்த வந்தவர் பேரேடு ஐயாவின் கூற்றைத் திருத்தியிருக்கலாம். சென்ற மாதம், கட்டடம் கட்டத் தனியாருக்குக் கொடுக்கப்பட்ட நைரோபியின் கருரா காட்டைப் பற்றிய விவாதத்திலும் அவர் இப்படித்தான் போராடியவர்களைச் சிறுமைப்படுத்தினார். 1999 ஜனவரியில் அந்தக் காட்டின் வாயிலில் மரம் நடப் போய் அடிபட்டுத் தலை உடைந்து, வழிந்த இரத்தத்தாலேயே காவல்நிலையப் புகாரில் ஒப்பமிட்டவர் அம்மையார். கடன் கொடுத்தவன் எவனுக்கும் மண்டை உடையவில்லை.

பேரேடு எழுதியது:
நான் யாரையும் சிறுமைப்படுத்தவில்லை. அந்தப் பழியைத் திரும்பப் பெறுங்கள். கருராவில் பட்ட அடியை உகுருவின் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்? பத்தாண்டு இடைவெளி இருக்கிறது. மீண்டும் கேட்கிறேன்: கடன் வந்திருந்தால் கட்டடம் எழுந்திருக்குமா, இல்லையா?

மேட்டுத்தெரு எழுதியது:
நாளிதழ் எழுதினால் தவறு சரியாகிவிடுமா? ஊரில் கேட்டுவந்து சொல்கிறேன்.

நிழல்விரும்பி எழுதியது:
திரும்பப் பெறமாட்டேன். கடிதம் போகாமலிருந்தால் கடன் நின்றிருக்குமா என்பதற்கு நீங்கள் இன்னும் விடை சொல்லவில்லை. திட்டத்துக்காக எழுப்பிய வேலியை 1992-இல்தான் அகற்றினார்கள். அதே ஆண்டு, அரசியல் கைதிகளின் தாய்மார்கள் அந்தப் பூங்காவின் மூலையிலேயே அம்மையாரோடு உண்ணாநோன்பு இருந்தார்கள். அதுவும் கடன்காரர் சொல்லித்தான் நடந்ததென்று நாளை எழுதுவீர்களா, ஐயா?